கேம்பில் 9.6, லேபில் 11.3: எந்த எச்.பி.யை நம்புறது?

பள்ளிநலம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ஒரு ரிப்போர்ட் பற்றிக் கருத்து வேண்டும். 17 வயது மாணவி. பள்ளி முகாமில் விரலில் குத்தி டிஜிட்டல் மீட்டரில் பார்த்தபோது ஹீமோகுளோபின் (எச்.பி.) 9.6 கிராம். நாலு நாள் கழித்து கைமடிப்பு நரம்பில் ரத்தம் எடுத்து ஆட்டோ அனலைசரில் போட்ட சி.பி.சி. (முழு ரத்த அணுச் சோதனை) கீழே:

எச்.பி. 11.3, ஆர்.பி.சி. (சிவப்பணு எண்ணிக்கை) 5.48 மில்லியன், பி.சி.வி. 35.6, எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) 65, எம்.சி.எச். 20.6, எம்.சி.எச்.சி. 31.7, ஆர்.டி.டபிள்யூ. (சிவப்பணுக்களின் அளவு வேறுபாடு) 16.1. வெள்ளை அணு, தட்டணு இரண்டும் நார்மல்.

இடையில் மாத்திரை எதுவும் ஆரம்பிக்கவில்லை. நாலு நாளில் 1.7 தானாக ஏற வாய்ப்பில்லை. இதில் எதை ரிஜிஸ்டரில் எழுதுவது? இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் போதுமா?

ஊதா_மூடி

லேபில் எடுத்த 11.3-ஐ எழுதுங்க. விரல் குத்தும் முறையே தப்புன்னு அர்த்தமில்லை. ஒரே ஒரு சொட்டை வைத்துச் சொல்லும் முறை என்பதால் அந்தச் சொட்டை எப்படி எடுத்தாங்க என்பதில்தான் எல்லாம் இருக்கு.

கேம்பில் வழக்கமா நடப்பது இதுதான். 200 பிள்ளைகள் வரிசையில் நிற்கும். ஸ்பிரிட் காயும் முன்னாடியே லான்செட் போட்டுடுவாங்க. ஆழம் பத்தாமல் ரத்தம் சரியா வராது. உடனே விரலைப் பிதுக்குவாங்க. பிதுக்கும்போது ரத்தத்தோட திசு நீரும் சேர்ந்து வரும், சொட்டு நீர்த்துப்போகும், எண் குறையும்.

சரியா எடுக்கிறது எப்படின்னா: நடுவிரல் அல்லது மோதிர விரல், நுனிச்சதையோட பக்கவாட்டில். நட்டநடுவில் குத்தினா வலி அதிகம், ரத்தம் குறைவு. கை சில்லுனு இருந்தா முதல்ல வெதுவெதுப்பான தண்ணியில் கழுவச் சொல்லுங்க. ஸ்பிரிட் முழுசா காயணும். குத்தின பிறகு முதல் இரண்டு சொட்டையும் உலர்ந்த பஞ்சால் துடைச்சுட்டு மூணாவது சொட்டை எடுக்கணும். அது தானா உருண்டு நிற்கணும். குவெட்டில் (மீட்டரில் வைக்கிற, சொட்டை ஏந்தும் சின்னத் தட்டு) வைக்கும்போது ஒரே மூச்சில் நிரம்பணும். பாதி நிரம்பினதுக்கு மேல் இன்னொரு சொட்டு வைத்து நிரப்பினால் அந்த அளவு செல்லாது. உள்ளே காற்றுக்குமிழி தெரிந்தாலும் தூக்கிப் போட்டுடுங்க. ஸ்ட்ரிப் மீட்டர்னா குப்பி மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யக்கூடாது, ஈரம் ஏறிடும். புது குப்பி திறந்தா அதோட கோடு சிப்பையும் (மீட்டரில் செருகும் குறியீட்டுத் துண்டு) மாத்தணும். கேம்பில் இந்த ஒரு வேலைதான் அடிக்கடி விட்டுப்போகும்.

நைட்_ட்யூட்டி

ஊதா_மூடி அண்ணா சொன்னதோடு இன்னொன்று. நரம்பில் எடுத்தாலே சரியாக இருக்கும் என்றும் இல்லை. டூர்னிக்கேவை (கையில் கட்டும் பட்டை) இறுக்கிக் கட்டிவிட்டு நரம்பைத் தேடிக்கொண்டே இருந்தால் ரத்தம் தேங்கி எண் கூடும். ஒரு நிமிடத்துக்குள் அவிழ்த்துவிட வேண்டும். டிரிப்ஸ் ஓடுகிற கையில் எடுத்தால் எச்.பி. தடாலென்று விழும். வார்டில் காலையில் 10, மதியம் 7.5 என்று வந்தால், ரத்தம் எங்கே போயிற்று என்று பதறும் முன் எந்தக் கையில் எடுத்தார்கள் என்று கேளுங்கள்.

சி.பி.சி.க்கு ரத்தம் உறையாமல் வைக்கும் ஊதா மூடி டியூபைக் கோடு வரை நிரப்பி, 8 முதல் 10 தடவை மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்து எடுக்க வேண்டும். குலுக்கக் கூடாது. சின்னக் கட்டி விழுந்தாலும் எண்ணிக்கை குறையும், அதிலும் தட்டணு முதலில் ஏமாற்றும். டியூப் ஒரு நாள் வெளியில் கிடந்தால் எச்.பி. பெரிதாக மாறாது, ஆனால் சிவப்பணு ஊதி எம்.சி.வி. கூடிவிடும். முகாமில் காலையில் எடுத்ததை மறுநாள் லேபுக்கு அனுப்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சின்ன அணு நார்மல் அணுவாகத் தெரிந்துவிடும்.

கம்பங்கூழ்

இவ்வளவு எதுக்கு? கீழ் இமையை இழுத்துப் பார்த்தா வெளுப்பு தெரியாதா? அந்தக் காலத்துல சாலி குழாய் ஒண்ணை வச்சுத்தானே எல்லாம் ஓடுச்சு?

ஊதா_மூடி

இமை, நாக்கு, உள்ளங்கை ரேகை, நகக்கண் எல்லாம் பார்க்கத்தான் வேணும். ஆனா 7-க்குக் கீழே போனவங்களைத்தான் கண் நம்பகமா பிடிக்கும். 10, 11-ல் இருக்கிறவங்களில் பாதிப்பேரைக் கோட்டை விட்டுடும்.

சாலி முறையில் 20 மைக்ரோலிட்டர் ரத்தத்தை என்/10 ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் விட்டு, பழுப்பு நிறம் முழுசா வர 10 நிமிஷம் காத்திருந்து, பிறகு காய்ச்சி வடித்த தண்ணியைச் சொட்டுச் சொட்டா விட்டு பக்கத்துக் கண்ணாடியோட நிறத்துக்குக் கொண்டுவரணும். 10 நிமிஷம் யார் காத்திருக்கா? சீக்கிரம் படிச்சா குறைவா வரும். பழைய கண்ணாடி மங்கிப்போயிருக்கும். அதே குழாயை இரண்டு பேர் படிச்சா ஒரு கிராம் வித்தியாசம் சாதாரணம். ஒப்பிட்டுச் சரிபார்க்கும் அடிப்படை முறைன்னா டிராப்கின் கரைசல்தான்: 5 மில்லியில் 20 மைக்ரோலிட்டர், 540 நானோமீட்டரில் படிக்கணும். அதில் சயனைடு இருக்கு, அதனால்தான் இன்றைய அனலைசர்கள் பலதும் சயனைடு இல்லாத கரைசலுக்கு மாறிடுச்சு.

பொதுமருத்துவம்

விரலா நரம்பா என்ற சண்டை ஊர் அளவில் மட்டும் இல்லை. தேசியக் குடும்பநல ஆய்வு-5 (2019–21) விரல் ரத்தத்தில்தான் எடுக்கப்பட்டது. அதன்படி இந்தியாவில் 15–49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கும் தமிழ்நாட்டில் 53.4 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை. குழந்தைகளைப் பாருங்கள்: 2015–16 குடும்பநல ஆய்வில் 5 வயதுக்குட்பட்டோரில் 58 சதவீதத்துக்கு மேல். கிட்டத்தட்ட அதே காலத்தில் நரம்பு ரத்தம் எடுத்து நடந்த முழுமையான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் 1–4 வயதினரில் 41 சதவீதம். வயதுப் பிரிவு கொஞ்சம் வேறுதான், ஆனாலும் இந்த இடைவெளி முழுவதையும் அது விளக்காது.

அதற்காக முகாம் எண்ணைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. விரல் அளவு சல்லடைக்கு. அதில் சிக்குகிறவர்களுக்கு சி.பி.சி. எடுக்க வேண்டும், அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவன வரம்பு: ஆண்களுக்கு 13, கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12, அதற்குக் கீழே போனால் ரத்தசோகை. இந்த மாணவிக்கு 11 முதல் 11.9 வரை லேசானது, 8 முதல் 10.9 வரை நடுத்தரம், 8-க்குக் கீழ் கடுமையானது. 2018-ல் வந்த அனீமியா முக்த் பாரத் திட்டப்படி வளரிளம் பருவத்தில் முதல் இரண்டுக்கும் மருந்து ஒன்றே: தினம் இரண்டு மாத்திரை, மூன்று மாதம். எனவே 9.6-ஆ 11.3-ஆ என்பதால் இங்கே மாத்திரைச் சீட்டு மாறப்போவதில்லை.

நுண்ணோக்கி

எல்லோரும் எச்.பி.யையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அதற்கு அடுத்த எண்ணைப் பாருங்கள்: ஆர்.பி.சி. 5.48 மில்லியன்.

இரும்பு குறைந்தால் எலும்பு மஜ்ஜையிடம் சரக்கு இல்லை. அணுவும் சின்னதாகும், எண்ணிக்கையும் குறையும். இங்கே அணு 65-க்குச் சுருங்கியிருக்கிறது, எண்ணிக்கை மட்டும் ஆண்பிள்ளைக்குச் சமமாக நிற்கிறது. சரக்கு இருந்தும் குளோபின் சங்கிலியை (ஹீமோகுளோபினின் புரதப் பகுதி) குறைவாகச் செய்கிறபோதுதான் பெரும்பாலும் இப்படி வரும். பீட்டா தலசீமியா பண்பு (அந்தச் சங்கிலிக்கான மரபணுக் குறையைப் பெற்றோரிடமிருந்து பெற்றுச் சுமப்பது) இருக்கிறதா என்று தேட வேண்டிய ரிப்போர்ட் இது.

எளிய கணக்கு மென்ட்சர் குறியீடு. எம்.சி.வி.யை ஆர்.பி.சி.யால் வகுக்க வேண்டும். 65 ÷ 5.48 = 11.9. 13-க்குக் கீழே வந்தால் தலசீமியா பண்பின் பக்கம், மேலே வந்தால் இரும்புக் குறைவின் பக்கம். உதாரணத்துக்கு எம்.சி.வி. 72, ஆர்.பி.சி. 4.1 என்றிருந்தால் 17.6 வரும், அது சாதாரண இரும்புக் குறைவு. இது தீர்ப்பு இல்லை, எந்தப் பக்கம் தேடுவது என்ற கைகாட்டி மட்டும்.

ஆனால் ஆர்.டி.டபிள்யூ. 16.1 என்பது கொஞ்சம் உறுத்துகிறது. பண்பு மட்டும் என்றால் எல்லா அணுவும் ஒரே சீராகச் சின்னதாக இருக்கும், ஆர்.டி.டபிள்யூ. நார்மலை ஒட்டி நிற்கும். இங்கே அணுக்கள் சின்னதும் பெரிதுமாகக் கலந்திருக்கின்றன. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டுவது), எச்.பி.எல்.சி. (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டுவது) மூன்றும் எடுங்கள். சீரம் அயர்ன் தனியாக வேண்டாம், அது காலையில் ஒன்று மாலையில் ஒன்று காட்டும்.

மருந்துச்சீட்டு

ஃபெரிட்டின் கேட்கிறீர்கள் என்றால் சி.ஆர்.பி. கட்டாயம். காய்ச்சல், தொற்று, மூட்டு அழற்சி எது இருந்தாலும் ஃபெரிட்டின் பொய்யாக ஏறும். உலக சுகாதார நிறுவன வரம்பு பெரியவர்களுக்கு 15, அழற்சி இருந்தால் 70. நடைமுறையில் பல மருத்துவர்கள் 30-க்குக் கீழே போனாலே குறைவு என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள்.

கம்பங்கூழ்

சரி, சோதனை ஒரு பக்கம். பீட்ரூட், மாதுளை, முருங்கைக்கீரை, பேரீச்சை கொடுத்தா ஏறாதா? எல்லா அம்மாக்களும் முதல்ல கேட்கிறது இதைத்தான்.

பள்ளிநலம்

இதற்கு நானே பதில் சொல்கிறேன், பள்ளியில் தினமும் ஓடுகிற கேள்வி. பீட்ரூட்டின் சிவப்புக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தமில்லை. 100 கிராமில் 0.8 மில்லிகிராம் இரும்பு, மாதுளையில் 0.3. முருங்கைக்கீரை, கேழ்வரகு இரண்டிலும் சுமார் 4.6. ஆனால் தாவர இரும்பில் 5 முதல் 8 சதவீதம்தான் உடம்பில் சேரும். 100 கிராம் கீரை சாப்பிட்டால் கால் மில்லிகிராம் சொச்சம். மாதவிடாயில் ஒவ்வொரு மாதமும் 15, 20 மில்லிகிராம் போகிறது.

அதனால் கீரை தடுப்புக்கு நல்லது, காலியான சேமிப்பை நிரப்ப அது மட்டும் போதாது. கீரையோடு எலுமிச்சை பிழிவது, நெல்லிக்காய் கடித்துக்கொள்வது, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ குடிக்காமல் இருப்பது, இந்த மூன்றும் கீரையின் அளவைக் கூட்டுவதைவிடப் பலன் தரும். அசைவம் சாப்பிடுகிற வீட்டில் ஆட்டு ஈரல், சுவரொட்டி (மண்ணீரல்) கொடுக்கலாம். கர்ப்பிணிகளுக்கு ஈரல் அடிக்கடி வேண்டாம், வைட்டமின் ஏ அளவு மீறும்.

மருந்துச்சீட்டு

மாத்திரைப் பக்கம் வருகிறேன். அட்டையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்க்காதீர்கள், அதில் இருக்கும் இரும்பின் அளவு எவ்வளவு என்று பாருங்கள். ஃபெரஸ் ஃபியூமரேட் 200 மில்லிகிராம் என்றால் இரும்பு சுமார் 65. ஃபெரஸ் குளுக்கோனேட் 300 என்றால் சுமார் 35 மட்டும். அரசு மாத்திரையில் இரும்பு 60 மில்லிகிராம், ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம். வாரம் ஒருமுறை பள்ளியில் கொடுக்கும் நீல மாத்திரையிலும் இதே அளவுதான். அது தடுப்புக்கு. குறைவு இருப்பவருக்கு வாரம் ஒன்று பத்தாது.

வெறும் வயிற்றில் அதிகம் சேரும், குமட்டலும் அதிகம். குமட்டி நிறுத்திவிடுவதைவிட சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போடுவது மேல். பால், கால்சியம் மாத்திரை, ஆன்டாசிட் ஆகியவற்றுக்கு இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். தைராய்டு மாத்திரைக்கு நாலு மணி நேரம். மலம் கறுப்பாகப் போகும் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் மூன்றாம் நாள் அட்டை பரணுக்குப் போய்விடும்.

இன்னொன்று: ஒரு டோஸ் போட்டதும் ஹெப்சிடின் (இரும்பு சேர்வதைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன்) ஏறி 24 மணி நேரத்துக்குக் குடல் கதவைச் சாத்திவிடும். அதனால் தினம் போடுவதைவிட ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் சேரும் பங்கு கூடுகிறது என்று சுவிட்சர்லாந்து ஆய்வுகள் காட்டின. என் பரிந்துரை அதுதான்.

பொதுமருத்துவம்

சேரும் பங்கு கூடும், சரி. ஆனால் அந்த ஆய்வுகள் பெரும்பாலும் லேசான குறைவு உள்ள இளம்பெண்களிடம் நடந்தவை. 8-ல் இருப்பவருக்கும் பிரசவம் நெருங்குபவருக்கும் மொத்த அளவும் வேகமும் முக்கியம். அவர்களை ஒரு நாள் விட்டு ஒரு நாளில் வைக்க மாட்டேன். குமட்டல் தாங்காத லேசான கேஸுக்கு மட்டும் நல்ல வழி.

நைட்_ட்யூட்டி

மாத்திரை அட்டையை வீட்டில் எட்டாத உயரத்தில் வைக்கச் சொல்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 10 கிலோ குழந்தை 60 மில்லிகிராம் மாத்திரை நாலு விழுங்கினாலே கிலோவுக்கு 24 மில்லிகிராம். அது விஷ அளவு. மிட்டாய் போல இருப்பதால்தான் விழுங்குகிறார்கள். வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் அட்டையோடு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

நீலகிரியான்

ஊட்டியிலிருந்து ஒரு குறுக்குக் கேள்வி. இங்கே பெண்களுக்கு 12.3 வந்தால் நார்மல் என்று அனுப்பிவிடுகிறார்கள். சரியா?

நுண்ணோக்கி

சரியில்லை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர். உயரத்தில் ஆக்சிஜன் குறைவு, உடம்பு அதற்கேற்ப ஹீமோகுளோபினைக் கூட்டிவைக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதலில் 2,000 முதல் 2,499 மீட்டர் வரை 1.4 கழிக்கச் சொல்கிறது. 12.3 என்பது 10.9 ஆகிவிடும், அதாவது நடுத்தர ரத்தசோகை. புகைபிடிப்பவருக்கும் கழிக்க வேண்டும். உங்கள் மாவட்டப் பழங்குடி மக்களிடம் அரிவாளணு நோயும் உண்டு. அங்கே கரைதிறன் சோதனையோடு நிறுத்தாதீர்கள், அது பண்பையும் நோயையும் பிரித்துக் காட்டாது. எச்.பி.எல்.சி. வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கு நேர்மாறு. ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுவதால் எண் இறங்கும். முதல், மூன்றாம் மும்மாதங்களில் வரம்பு 11, நடு மும்மாதத்தில் 10.5.

நைட்_ட்யூட்டி

கர்ப்பிணிகளுக்கு அயர்ன் சுக்ரோஸ் (நரம்பில் ஏற்றும் இரும்பு மருந்து) எத்தனை டோஸ் என்று அடிக்கடி கேட்கிறார்கள். கணக்கு இதோ: கர்ப்பத்துக்கு முந்தைய எடை × (வேண்டிய எச்.பி. − இருக்கும் எச்.பி.) × 2.4 + 500. 50 கிலோ, 8-லிருந்து 11-க்கு என்றால் 360 + 500 = 860 மில்லிகிராம். டோஸுக்கு 200 வீதம் ஐந்து தடவை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். 100 மில்லி நார்மல் சலைனில் கலந்து 15–20 நிமிடம், டெக்ஸ்ட்ரோஸில் கலக்கவே கூடாது. முதல் மூன்று மாதத்தில் போடுவதில்லை. ஊசி நரம்புக்கு வெளியே கசிந்தால் தோலில் பழுப்புக் கறை நிரந்தரமாக நின்றுவிடும், அதனால் முதலில் வெறும் சலைன் விட்டுப் பாருங்கள்.

பள்ளிநலம்

ரிப்போர்ட் வந்துவிட்டது. ஃபெரிட்டின் 11, சி.ஆர்.பி. நார்மல். எச்.பி.எல்.சி.யில் ஹீமோகுளோபின் வகைகளில் ஏ2 3.4 சதவீதம், எஃப் 0.6, வேறு அசாதாரண ஹீமோகுளோபின் இல்லை. லேப் குறிப்பில் "தலசீமியா பண்பு இல்லை" என்று எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் இரும்புக் குறைவு மட்டும்தானா?

நுண்ணோக்கி

அந்தக் குறிப்பை இப்போதைக்கு ஏற்காதீர்கள். ஏ2 3.5-க்கு மேல் போனால் பண்பு என்பார்கள். ஆனால் இரும்புக் குறைவு இருக்கும்போது ஏ2 இறங்கும். ஃபெரிட்டின் 11-ல் இருக்கும்போது கிடைத்த 3.4-ஐ வைத்து இல்லை என்று சொல்ல முடியாது.

இரும்பைக் கொடுங்கள், குறைவு நிஜமாகவே இருக்கிறது. பண்பு உள்ளவருக்கு இரும்பே கூடாது என்பது தவறான பயம். ஃபெரிட்டின் குறைந்திருந்தால் கொடுக்கத்தான் வேண்டும். ஒரு மாதத்தில் எச்.பி. ஒரு கிராமாவது ஏறியதா என்று பாருங்கள். மூன்று மாதம் முடிந்ததும் சி.பி.சி.யும் ஃபெரிட்டினும் மறுபடி. ஃபெரிட்டின் 30-ஐத் தாண்டியும் எம்.சி.வி. 70-க்குள்ளேயே நின்றால் எச்.பி.எல்.சி.யைத் திரும்ப எடுங்கள். அதிலும் ஏ2 நார்மல் என்றால் ஆல்ஃபா வகைத் தலசீமியா பண்பு இருக்கலாம், அதை மரபணுச் சோதனைதான் காட்டும்.

மூன்று மாதம் காத்திருக்காமல் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு: அப்பா, அம்மா இருவருக்கும் சி.பி.சி. பண்பு வானத்திலிருந்து வராது. ரத்தசோகையே இல்லாத அப்பாவுக்கு எம்.சி.வி. 66, ஆர்.பி.சி. 6 என்று வந்தால் விடை பாதி கிடைத்த மாதிரி.

பொதுமருத்துவம்

பண்பு உறுதியானால் மாத்திரையை நிறுத்தும் இடமும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். இப்படிப்பட்டவர்களுக்கு எச்.பி. 11-ஐ ஒட்டியே நின்றுவிடும். 12 வரவில்லையே என்று ஒவ்வொரு முகாமிலும் புதிதாக மாத்திரை எழுதிக்கொண்டே போனால் இரும்பு தேவையில்லாமல் சேரும். ஃபெரிட்டின் நிறைந்ததும் நிறுத்துங்கள். பண்பு என்பது நோய் இல்லை என்று பெண்ணிடமும் வீட்டிலும் தெளிவாகச் சொல்லுங்கள். துணையாக வருபவருக்கும் அதே பண்பு இருந்தால் மட்டும் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு தலசீமியா மேஜர் (நோயின் கடுமையான வடிவம்) வர 25 சதவீதம் வாய்ப்பு. அதனால் கல்யாணத்துக்கோ கர்ப்பத்துக்கோ முன் அவருக்கும் எச்.பி.எல்.சி. எடுக்க வேண்டும்.

இன்னொன்று, ஃபெரிட்டின் ஏன் 11-க்கு இறங்கியது? மாதவிடாய் ஏழு நாளுக்கு மேல் போகிறதா, இரண்டு மணி நேரத்துக்குள் நாப்கின் நனைகிறதா, கட்டி கட்டியாக வருகிறதா என்று கேளுங்கள். குடற்புழு மாத்திரை அல்பென்டசோல் 400 மில்லிகிராம் கடைசியாக எப்போது போட்டார் என்றும் பாருங்கள். இதே ஃபெரிட்டின் 50 வயது ஆணுக்கு வந்திருந்தால் மாத்திரையோடு அனுப்பவே கூடாது. வயிற்றுப்புண்ணா, குடல் புற்றா என்று எண்டோஸ்கோப்பி, கொலோனோஸ்கோப்பி வரை போக வேண்டும். மூலம்தான் காரணம் என்று அவரே சொன்னாலும்.

பள்ளிநலம்

மாதவிடாய் எட்டு, ஒன்பது நாள் என்று மாணவி சொல்கிறார், மகப்பேறு ஓ.பி.க்கு எழுதிக்கொடுத்துவிட்டேன். பெற்றோர் இருவரையும் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். எடுத்த அன்றே டியூப் லேபுக்குப் போகும்.